இறங்காத ஆள்

இருபது மாடி உயரத்துக் கிரேன் அறையில் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை இறங்காத ஆள் அவர். இறங்கி ஏற முக்கால் மணி நேரமாகும். அதுவரை கீழே கம்பியும் கலவையும் காத்துக் கிடக்க வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் சிறுநீருக்கு மேலே ஒரு காலி பாட்டிலை வைத்துச் சமாளித்தார்கள். இவருக்கு அது அசிங்கம். தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார். "அண்ணனப் பாருங்கடா, ஏறினா இறங்குறதே இல்ல. ஆம்பளன்னா இவருதான்!" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லும்போது இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பதினாறு வருஷம் இப்படியே போனது.

ஐம்பத்தைந்து வயதில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு எரிச்சல், ரத்தம். அடிக்கடி இறங்குகிறவனுக்குக் கிரேனில் எவன் சீட்டுக் கொடுப்பான் என்ற பயத்தில் மூன்று வருஷம் வாயே திறக்கவில்லை. ஒரு காலையில் அறவே அடைத்துக்கொண்டு, வலி தாங்காமல் குளியலறைச் சுவரில் முட்டிக்கொண்டபோதுதான் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

"தும்ப விட்டு வாலப் புடிக்கிறீங்களே!" என்றார் ஸ்கேனைப் பார்த்த டாக்டர். "வயசானா பிராஸ்டேட் வீங்கத்தான் செய்யும். அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே பாத்திருக்கலாம். இப்ப யூரின் வெளிய வராம பையிலயே தேங்கி, நீங்க தண்ணியும் குடிக்காம, உள்ள மூணு கல்லு."

முதுகில் ஊசி போட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுக் கல்லை உடைத்து, வீங்கிய சதையைச் சீவி எடுத்தார்கள். மூன்று நாள் குழாயும் பையுமாகக் கிடந்தார். பையில் சிவப்பு வெளுக்கிறதா என்று மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்ப கிரேன் ஏறலாம்?"

"ஆறு வாரம் போகட்டும். ஆனா நல்லாத் தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ இறங்கியே ஆகணும்."

சீட்டுப் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டார். ஆறு வாரமும் சூப்பர்வைசரிடம் எப்படிக் கெஞ்சுவது என்றே ஒத்திகை பார்த்தார்.

சைட் ஆபீஸில் சூப்பர்வைசர் வரைபடத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சார், இனிமே நடுவுல ரெண்டு தடவ இறங்க வேண்டியிருக்கும்..."

"இறங்குங்கண்ணே, அதுக்கென்ன? இப்ப மேல இருக்கிறவன் நாலு தடவ இறங்குறான்."

"வேல நிக்குமே சார்?"

"நின்னா நிக்குது. நான் என்னைக்காவது உங்கள இறங்காதீங்கன்னு சொன்னேனா?"

சொன்னதில்லைதான். அத்தனை வருஷத்தையும் குடைந்து பார்த்தார். அப்படி ஒரு வார்த்தை அகப்படவில்லை. பாராட்டு மட்டுமே இருந்தது. யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் வயிறெரிந்து வீடு வந்து சேர்ந்தார்.

"சீட்டு இல்லன்னுட்டாங்களா?" என்றாள் மனைவி.

"குடுத்துட்டாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படியிருக்கு?"

"அந்தப் பாவி ஒரே ஒரு தடவ 'இறங்காதே'ன்னு சொல்லியிருந்தா, ரோஷத்துக்காவது அன்னைக்கே இறங்கியிருப்பேன்டி."