அளவு நோட்டின் ஓரத்துச் சுழிகள்

டைலர் அக்காவின் தம்பி கெட்டுப்போனதற்கு யார் காரணம் என்பதைத் தெரு ஒரே காலைப்பொழுதில் முடிவு செய்துவிட்டது. இஸ்திரிக்காரர். போன வருஷமே அடிபட்ட பெயர்தான். சாட்சி, எதிர்க்கடைக் கண்ணாடிக்காரம்மா. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்பவள், தனக்கு மட்டும் அது தேவைப்படாதவள். சாயங்காலமானால் தம்பியும் இஸ்திரிக்காரரும் கடைக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் ஒட்டி உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கையில் ஆளுக்கொரு டம்ளர். டம்ளரில் என்ன இருந்தது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் கதையில் ருசி போய்விடும் அல்லவா?

"அந்த ஆளுதானே ஊத்திக் குடுத்துக் கெடுத்தான்? நீயே சொல்லு" என்று கண்ணாடிக்காரம்மா தையல்கடை வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள்.

டைலர் அக்காவின் உதடுகளுக்கு நடுவே ஐந்தாறு குண்டூசிகள் இருந்தன. மடிப்பில் குத்துவதற்காக வைத்திருந்தாள். வாயில் குண்டூசியோடு பேச முடியாது. தலையாட்டலாம். ஆட்டினாள்.

குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாமே என்று அவளே பிறகு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். பேச வேண்டாம் என்றுதான் எடுக்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின நாள் நடந்ததைத் தெருவே பார்த்தது. தம்பிதான் அந்தக் கடையின் மாஸ்டர். அக்கா அளவெடுப்பாள், தைப்பாள், வெட்டுவது தம்பி. அவன் கத்தரி ஓடுகிற ஓட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நிற்பவர்கள் உண்டு. அன்றைக்கு யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டுத் துணியை மேஜையில் விரித்திருந்தார்கள். தம்பி திடீரென்று, "அக்கா, எறும்பு! துணி பூரா எறும்பு!" என்று கத்தினான். துணியில் சாக்பீஸ் கோடுகளைத் தவிர ஒன்றுமில்லை. அவன் எறும்புகளை ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்தான். நாலு பேர் பிடித்துக் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கியபோது கோட்டுத் துணி கைக்குட்டை கைக்குட்டையாகக் கிடந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரி அவனுக்குப் புதிதல்ல. போன வருஷம் அதே குடிநோய் வார்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவன்தான்.

நாலாம் நாள் டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டனுப்பினாள். பார்த்தால் நேற்றுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டவள் மாதிரி இருந்தாள். சட்டையில் மூன்றாவது பட்டன் வேறு நூலில் தைத்திருந்தது. அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபம்.

"தினம் குடிச்சவரு ஒரே நாள்ல நிறுத்தியிருக்காரு. அதனாலதான் எறும்பு. அது சரியாயிடும். ஏன் நிறுத்தினாரு, தெரியுமா?"

தெரியும். போன வாரம் ஒரு வாடிக்கைக்காரியிடம், "இந்தக் குடிகாரனைக் கட்டி அழறதுதான் என் தலையெழுத்து" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் அவன் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

"தெரியலைங்க" என்றாள்.

"குடியை நிறுத்தறது எங்களுக்குப் பெரிய வேலை இல்லைம்மா. நிறுத்தினப்புறம் உள்ள என்ன மிச்சமிருக்குங்கறதுதான் விஷயம். சில பேருக்குக் குடியாலதான் பயம், படபடப்பு எல்லாம் வரும். குடி போனா அதுவும் போயிடும். சில பேரு பயம் தாங்காமக் குடிக்க ஆரம்பிப்பாங்க. அவங்களுக்குக் குடியை மட்டும் நிறுத்தி அனுப்பினா, பயம் திரும்பக் குடிக்கே கூட்டிட்டு வந்துடும். ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். உங்க தம்பிக்கு எது முதல்ல வந்துச்சு?"

"அவன் என்ன சொன்னான்?"

"வாயே திறக்கலை. 'எல்லாம் நானாக் கெட்டதுதான்'ங்கறாரு. இது தெரியாமப் போனா போன வருஷம் மாதிரியே ஆகும். இதே கட்டில்ல திரும்பப் பார்ப்போம். பார்த்தாத் தேவலை, பார்க்காமலும் போகலாம்."

அக்கா மறுபடி அந்தப் பட்டனைப் பார்த்தாள். "சேர்க்கை சரியில்லைங்க" என்றாள். இந்தத் தடவை வாயில் குண்டூசிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினாள். ஏழு வருஷத்து நோட்டுகள். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓரத்தில், அவளுக்கு மட்டும் புரியும்படி, சில இடங்களில் ஒரு சின்னச் சுழி.

முதல் சுழி போட்ட நாள் அப்படியே கண்முன் நின்றது. விலை உயர்ந்த துணி, அதில் ஒரு கல்யாணக் கோட்டு. தம்பி கத்தரியைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றான். சட்டை நனைந்துவிட்டது. "அக்கா, மூச்சு முட்டுது. செத்துருவேன் போல இருக்கு" என்றான். தூக்கிக்கொண்டு போய் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். மனசு சம்பந்தப்பட்ட டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பட்டன் டப்பாவின் அடியில் போட்டாள். மன டாக்டர் வாசலில் தம்பி நிற்பதைக் கண்ணாடிக்காரம்மா பார்த்தால் அவ்வளவுதான். அப்புறம் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பைத்தியம் வெட்டிய கோட்டை எந்த மாப்பிள்ளை போடுவான்?

ஆனால் கோட்டை வெட்டியாக வேண்டும். கோட்டு கச்சிதமாகப் பொருந்திய சந்தோஷத்தில் முன்பு ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பிராந்தி பாட்டில் அலமாரியில் இருந்தது. அளவில்லாமல் எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. இருமல் மருந்து மூடியில் பத்து மில்லிக் கோடுவரை ஊற்றினாள். "மருந்துன்னு நினைச்சுக்கோ." அவன் குடித்தான். கால் மணி நேரத்தில் கை நின்றது. கத்தரி தண்ணீரில் போவது மாதிரிப் போனது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய பெரிய டாக்டரெல்லாம் கண்டுபிடிக்காததைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள்.

அதிலிருந்து மூடி கொடுத்த ஆர்டருக்கெல்லாம் ஓரத்தில் ஒரு சுழி. அடுத்த தடவை எவ்வளவு தேவைப்படும் என்று கணக்காகத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக! முதல் நோட்டில் பத்துப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டாவது நோட்டில் பக்கத்துக்கு ஒன்று. மூன்றாவதில் பள்ளிச் சீருடைக்குக்கூடச் சுழி. நாலாவது நோட்டில் பாதிக்கு மேல் சுழியே இல்லை. அதற்குள் அவன் தானே வாங்கிக் குடிக்க ஆரம்பித்திருந்தான். அந்த வருஷத்திலிருந்துதான் அவள் அவனைக் குடிகாரன் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

கடைசிச் சுழி போன வருஷத்து நோட்டில், தனியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்தொன்பது நாள் அவன் தொடவில்லை. இருபதாம் நாள் ஒரு கோட்டு ஆர்டர். கை நடுங்கியது. அவனே, "வேண்டாங்கா, நாளைக்கு வெட்டறேன்" என்றான். "நாளைக்குக் குடுக்கணும்டா. ஒரே ஒரு மூடி" என்று அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அவள்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மறுபடி எப்படிக் குடியில் விழுந்தான் என்று தெரு கேட்டபோது, இஸ்திரிக்காரர் பெயரை முதலில் அடிபட விட்டதும் அவள்தான். அன்றைக்கே தைத்த துணிகளை இஸ்திரிக்கு நாலு தெரு தள்ளி அனுப்பத் தொடங்கினாள். அதைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் அனுப்பினார்கள்.

மறுநாள் நோட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேஜையில் வரிசையாக அடுக்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். துப்பினால் கொஞ்சம் இதமாகக்கூட இருந்திருக்கும். டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "மூடி எத்தனை மில்லி?" என்றாள்.

"பத்து."

எழுதிக்கொண்டாள். "பயம் முதல்ல. சரி, அப்ப வைத்தியத்தை மாத்தணும்." பிறகு நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இவ்வளவு சுத்தமா எந்த வீட்லயும் எழுதி வைக்கறதில்லைம்மா" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். அக்காவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது.

வார்டில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்டா."

"ஏன்க்கா... உன் பேரு வரக்கூடாதுன்னுதானே நான்..." போர்வை ஓரத்தைத் தடவினான். "இதுக்கு மடிச்சுத் தைக்கக்கூட இல்லைக்கா. பிசிறு பிசிறா வருது."

திரும்பி வரும்போது நேரே இஸ்திரிக்கடைக்குப் போனாள். அவர் ஒரு திரைச்சீலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டைலரம்மா. என்ன, அந்த நாலு தெரு தள்ளி இருக்கற இஸ்திரிக்காரன் எதையாவது எரிச்சுட்டானா?"

"அந்த டம்ளர்ல என்ன இருந்துச்சு?"

"சர்க்கரை போடாத டீ. எனக்குத்தான் சர்க்கரை வியாதி. அவனும் எனக்காகக் கசப்பைக் குடிச்சான், பாவம்."

"மூடி விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் சற்று அதிக நேரம் நின்றது. "தெரியும்."

"தெரு பூரா உங்களைத் திட்டிச்சே. சொல்லியிருக்கலாம்ல?"

"அக்காவை ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டான். அவன் என்கிட்ட வேற எதையும் கேட்டதே இல்லை." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வலிச்சுது. வாடிக்கை பாதி போச்சு."

அவள் அழுதிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அதனால் அழவில்லை. தெருவில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் சுவரொட்டி தேவையில்லை, கண்ணாடிக்காரம்மா போதும். நேரே அங்கே போனாள்.

"தம்பிக்கு ஊத்திக் குடுத்தது இஸ்திரிக்காரர் இல்லை. நான். ஏழு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சு வச்சேன். என் கையால."

கண்ணாடிக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "பாரு, தம்பி மேல இருக்கற பாசத்துல பழியை எல்லாம் உன் தலையில போட்டுக்கறே. உன்னை மாதிரி அக்கா யாருக்குக் கிடைக்கும்?"

"பாசமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நெஜமாச் சொல்றேன்."

"சரி சரி, நீ முதல்ல தண்ணி குடி."

சாயங்காலத்துக்குள் செய்தி பரவியது. டைலர் அக்கா தெய்வப்பிறவி. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் அவள் முதுகைத் தடவினார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். நோட்டைத் திறந்து சுழியைக் காட்டினாள். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய இரண்டு பேர் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு கொஞ்சம் ஒழுங்காக வந்தது. தைத்ததையெல்லாம் தானே சுமந்து, நட்டநடுப் பகலில் தெருவைக் கடந்து இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோனாள்.

ஆறு வாரம் கழித்துத் தம்பி வந்தான். கையில் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதற்கு ஒரு அட்டை. அட்டையைக் கடைச் சுவரில், ஆர்டர் தேதிகளுக்குப் பக்கத்தில் அக்காதான் ஒட்டினாள். பிராந்தி பாட்டிலும் மூடியும் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன.

பத்தாம் நாள் ஒரு கோட்டு. துணியை விரித்தார்கள். தம்பி கத்தரியை எடுத்தான், வைத்தான். நெற்றியில் வியர்வை அரும்பியது. கோட்டுக்காரர் வாசல் நாற்காலியில் காலாட்டியபடி, "என்ன மாஸ்டர், நல்ல நேரம் பார்க்கறீங்களா?" என்றார். எதிர்க்கடையில் கண்ணாடிக்காரம்மா ஒரே ஃபிரேமை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் கண் அலமாரிப் பக்கம் போய் வந்தது. அக்காவின் கண்ணும் போனது. அவளுடைய கைகூட அரை அடி எழுந்தது. பழைய பழக்கம். அதைப் பார்த்து அவளுக்கு உடம்பு கூசியது.

"இன்னைக்கு முடியலைக்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த குண்டூசிப் பஞ்சில் குத்தினாள்.

"மாஸ்டருக்கு இன்னைக்குப் பயமா இருக்கு. நாளைக்கு வாங்க" என்றாள், எதிர்க்கடைவரை கேட்கும் குரலில்.

கோட்டுக்காரரின் கால் ஆடுவதை நிறுத்தியது. "பயமா? எதுக்கு?"

"அதுதான் தெரியலை. அதுக்குத்தான் வைத்தியம் பார்க்கறோம்."

அவர் துணியைச் சுருட்டலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். அவள் சுருட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடுங்கும் கைகளைத் தொடைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டான்.