படுக்கையறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குப் பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பின்பக்கத் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். மேலே தகரக் கூரை, பக்கத்தில் வாஷிங் மெஷின், கொடியில் ஈரத்துணி. அவருக்கு அதுவே சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்குத்தான் ஆப்பு வந்தது. மாமியார் போனபிறகு தனியாக இருந்த மாமனார், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். அப்பா இனி நம்மோடுதான், தாழ்வாரத்தை அடைத்து அவருக்கு அறையாக்கிவிடலாம் என்றாள் மனைவி. வாத்தியாரால் மறுக்க முடியவில்லை. மறுத்திருந்தாலும் கொத்தனார் வந்திருப்பார்.

திறந்திருந்த பக்கமெல்லாம் சுவர் எழும்பியது. மழைத்தண்ணீர் ஓட விட்டிருந்த வாட்டத்தை மட்டமாக்கி டைல்ஸ் பதித்தார்கள். வாஷிங் மெஷின் குளியலறைக்குள் போனதால், குளிக்கிறவர் ஒருக்களித்து நிற்க வேண்டியதாயிற்று. தாழ்வாரத்தைப் பார்த்திருந்த படுக்கையறை ஜன்னலை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள். அது இப்போது மாமனாரின் தலைமாட்டில் இருந்தது.

அவர் குடிவந்த மறுநாள் காலை, வாத்தியார் தன் தங்கை குடும்பத்தை விடுமுறைக்கு அழைத்துவிட்டதாக மெல்லச் சொன்னார். என்னைக் கேட்காமல் எப்படி அழைக்கலாம் என்று மனைவி பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. வாத்தியார் வேலைக்குப் போய் அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினார். ஆனால் அடுத்த சண்டையில் தீர்ப்பு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஜன்னலை அடைத்தே தீரவேண்டும் என்று கொத்தனாருக்கு போன் போட்டவள் அவள்தான்.

செங்கல் வந்து இறங்கியதை மாமனார் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார்.

"அடைச்சுடுங்க, பரவாயில்ல. அங்க தனியா இருந்தப்ப ரேடியோ போட்டாத்தான் தூக்கம் வரும். இங்க வந்ததுலேருந்து ரேடியோவைத் தேடவே இல்ல."

மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதன்பிறகு சண்டை என்றால் இருவரும் வாசலில் நிற்கும் டிரைவிங் ஸ்கூல் காருக்குப் போனார்கள். பழக்க தோஷத்தில் வாத்தியார், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனி பிரேக் வைத்த பக்கம் உட்கார, ஸ்டியரிங் அவள் கைக்குப் போனது. கட்டினவரிடம் கார் கற்றுக்கொண்டால் குடும்பம் உருப்படாது என்று இத்தனை வருஷம் மறுத்தவள் அவள். நின்ற காரில் கத்தினால் தெருவே வேடிக்கை பார்த்தது. கொஞ்சம் நகர்த்து என்றார் வாத்தியார். கார் துள்ளி, இருமி, நின்றது.

"முதல்ல கிளட்ச்ச மிதி. அப்புறம் திட்டு."

தங்கை விஷயத்தில் அவள் இரண்டாவது கியர் பழகினாள். குளியலறையில் ஈரத்துணி போடும் விஷயத்தில் ரிவர்ஸ். பெரிய சண்டை ஒன்று வந்தபோது மேம்பாலமே ஏறி இறங்கிவிட்டாள். லைசென்ஸும் வந்துவிட்டது.

லைசென்ஸ் வந்த வாரம், இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரில் ஏறும்போது மாமனார் கைத்தடியை ஊன்றி வாசலுக்கு வந்தார்.

"எங்கேம்மா கிளம்பிட்டீங்க?"

"சண்டை போடத்தான்ப்பா."

"அப்ப இருங்க, நானும் வரேன்," என்று அவர் பின்கதவைத் திறந்தார்.

வாத்தியார் இறங்கி வந்து, இடுப்பு நோகாதபடி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.