குழாயில் கட்டிய கம்பி

புயல் போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. நான் குழாய் வேலைக்காரன். எவன் வீட்டில் குழாய் உடைந்தாலும் என் கதவைத்தான் தட்டுகிறான். முதுகு விட்டுப்போயிருந்தது, அதைவிட மனசு. நர்சிங் படிக்கும் எங்கள் ஒரே மகள் கடற்கரைப் பக்கத்து விடுதியில் இருந்தாள். பாலம் போய்விட்டது, போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

ஒலிபெருக்கி வண்டி ஒன்று சொல்லிக்கொண்டு போனது. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை, அவர்கள் வீட்டுக்குச் சொன்ன ஒரு வரியோடு, மூன்று நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் படிப்பார்களாம். எங்கள் தெருவில் யாரிடம் இப்போது ரேடியோ இருக்கிறது?

என் மனைவி ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். "கரன்ட் இல்லாமலே கேக்குற ரேடியோ இருக்குங்க. பாப்பா எட்டாவது படிக்கிறப்ப நானும் அவளும் செஞ்சோமே," என்றாள்.

அட்டைக் குழலில் தாமிரக் கம்பியை நூறு சுற்று சுற்றினாள். கடையில் கிடந்த உடைந்த ரேடியோவிலிருந்து ஒரு டையோடு, பழைய டெலிபோனிலிருந்து காதில் வைக்கும் குமிழ். ஒரு கம்பி ஏரியலாக மொட்டை மாடிக்குப் போனது. இன்னொன்றை எர்த்துக்காகச் சமையலறைக் குழாயில் கட்டினாள். அது மண்ணோடு சேராவிட்டால் ரேடியோ ஊமைதான் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள்.

முதல் நாள் ஒரு சத்தமும் இல்லை. காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினாள். இரண்டாம் நாளும் அதே கதை. டையோடு சரியில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"போன தடவை இதே குழாய்லதான் கட்டுனோம். கணீர்னு கேட்டுச்சு," என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. கம்பியின் பூச்சைச் சுரண்டிச் சுரண்டி அவள் விரல் நுனி வெடித்திருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு வீட்டில் துருப்பிடித்த இரும்புக் குழாயை அறுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். கையில் பசையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் என் வீட்டிலும் இதே வேலையைத்தானே செய்தேன்? அவள் கடைக்குப் போயிருந்த நேரம். வெளியே தெரியும் இரும்புத் துண்டை விட்டுவிட்டு, சுவருக்குள் புகுந்து மண்ணுக்குள் போவதை மட்டும் பிளாஸ்டிக்காக்கினேன். பிளாஸ்டிக்கில் எங்கிருந்து எர்த் கிடைக்கும்? கூடம் கோணல்தான். கோணலாக்கிய புண்ணியவான் நான்.

அறுத்த குழாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மணி பதினொன்றே முக்கால். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஈர மண்ணில் அதைச் சுத்தியலால் அடித்து இறக்கி, துருவைச் சுரண்டிக் கம்பியைக் கட்டினேன். அவள் ஜன்னலில் நின்று குழாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப மாத்துனீங்க?"

"ரெண்டு மாசமாச்சு. சொல்ல மறந்துட்டேன்."

திட்டியிருக்கலாம். திட்டக்கூட அவளிடம் தெம்பில்லை.

குமிழைக் காதில் வைத்தாள். "பேசுறாங்க," என்றாள் மெதுவாக. ஒரே குமிழ், எனக்கு ஒன்றும் கேட்காது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் அந்த முகம் அசையவில்லை. முதல் இரண்டு நாளில் மட்டும் பாப்பா பெயரைப் படித்திருந்தால்? அதை என் குழாய் விழுங்கியிருந்தால்?

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

"இருக்கா. நம்ம பாப்பா இருக்கா."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

"ஒரு வரி சொல்லியிருப்பாளே, என்ன சொன்னா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேரும் சண்டை போடாம சாப்பிடுங்கன்னு சொன்னா."

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் எழுந்து தீப்பெட்டியைத் தேடினேன்.