கப்பித்தான் வீட்டுச் சிலுவை

இத்தாலியில், பகேரியா என்ற ஊரில் நான் வேலை செய்த பெரிய வீட்டின் சாப்பாட்டறையில் ஒரு ஸ்பானியக் கப்பித்தானின் படம் தொங்கும். பெரு நாட்டைப் பிடிக்கப் போன படையில் இருந்த, வீட்டு முதலாளி சின்யோரின் மூதாதை. அங்கிருந்து அவர் கொண்டுவந்த பொற்சிலுவை படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கொள்ளையடித்த பொன்தான். அவர்கள் குலச்சொத்து என்பார்கள்.

மாசியில் சிலுவை காணாமற் போனது. முதலாளியின் மனைவி, சின்யோரா, கையை நீட்டி என் கைப்பையைச் சமையலறை மேசையில் கொட்டச் சொன்னார். செபமாலையும் பஸ் டிக்கெற்றும் விழுந்தன. ஆனாலும் கள்ளி என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார். கோயிலில் எங்கள் தமிழ்ச் சனமே என் பக்கத்தில் இருக்கத் தயங்கியது. அந்தப் பெயரோடு சாக எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் டெனிஸ்டன் அதே வீட்டுத் தோட்டக்காரர். தானும் வேலையை விடப்போவதாகக் குதித்தார். ஒருவர் உள்ளே இருக்கட்டும் என்று நான் தடுத்தேன்.

பிறகு போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு பழம்பொருள் கடையில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே அலுமாரிக்குள் அதே சிலுவை. யார் கொடுத்தது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். பகேரியாச் சின்யோரே கொண்டுவந்து விற்றாராம். கள்ளி என்று பெயர் எடுத்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் என் கஞ்சியை ஆனி வரை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

ஒவ்வொரு ஆனியிலும் அந்த வீட்டில் விருந்தும், பெருவைப் பிடித்த நாடகமும் நடக்கும். சின்யோர் கப்பித்தானாக வருவார். தோற்ற அரசன் முழங்காலில் நின்று பொன்னைக் குவிப்பான். பிறகு அவனைக் கொல்வார்கள். அரசன் வேடம் எப்போதும் டெனிஸ்டனுக்கு. நிறம் பொருத்தமாம்.

விருந்துக்குப் பணக்காரர் வருவார்கள், சிலுவையை நாடகத்துக்குக் கொடுத்தால் அங்கேயே விலைபோகும் என்று கடைக்காரருக்குச் சொன்னேன். அவர் தலைவாரிக்கொண்டு சிலுவையோடு என்னுடன் வந்தார். அதை டெனிஸ்டனிடம் கொடுத்தேன். சிலுவையை வைத்தா பழிவாங்குவது என்று மனம் இடித்தது. ஆண்டவரிடம் மன்னிப்பைப் பிறகு கேட்கலாம்.

நாடகத்தில் டெனிஸ்டன் முழங்காலில் நின்று தட்டை நீட்டினார். தங்கத்தாள் ஒட்டிய தகரப் பேணிகளுக்கு மேலே சிலுவை. சின்யோரின் வாள் பாதியில் நின்றது. இது எங்கிருந்து வந்தது என்று சின்யோரா எழுந்து கேட்டார்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த கடைக்காரர் வியாபாரம் படிந்தது என்றே நினைத்தார். “உங்கள் கணவரிடம்தான் வாங்கினேன், சின்யோரா. விலை பேசலாம்.”

சின்யோரா என்னைக் கண்டு வந்து கையைப் பிடித்தார். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

எல்லோருக்கும் கேட்கும்படி இத்தாலியனில் சொன்னேன். “முதலில் உங்கள் கணவரின் பையைக் கொட்டச் சொல்லுங்கள்.”

பிறகு டெனிஸ்டனிடம் தமிழில் சொன்னேன். “முழங்காலிலை நிண்டது காணும். எழும்புங்கோ.”

சின்யோரா கணவரிடம் திரும்பி, அன்று என்னிடம் நீட்டிய அதே கையை நீட்டினார். சின்யோர் இடுப்பிலிருந்து கப்பித்தான் வேடத்தின் வெல்வெட் பையைக் கழற்றினார். நான் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.