ஒன்பதாவது முடிச்சு

கார் நிறுத்தும் வயலில் இறங்கியவுடனே என் இடது பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டது. இழுத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. திருவிழா வேஷத்துக்காகப் போட்ட பழைய இங்கிலாந்து ராணி காலத்துப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒஹாயோவின் அக்டோபர் மழையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ராண்டல் அதைச் சொன்னான். நேரம் பார்த்துப் பேசத் தெரியாத மனிதன்.

"டார்லீன், இந்தத் தடவை ஒரு வருஷத்துக்குக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

"அப்படின்னா?"

"கட்டினா ஆயுசுக்கும். இல்லன்னா வேண்டாம்."

குனிந்து என் பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கி, உள்ளே போன தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, என் காலில் மாட்டிவிட்டான். பிறகு நிமிராமலே சொன்னான்: "ஒவ்வொரு செப்டம்பரும் எனக்குத் தூக்கம் போயிடுது. இந்த வருஷம் இவ சரின்னு சொல்வாளா மாட்டாளான்னு. எனக்கு அறுபது வயசு ஆச்சு, மகாராணி."

நாங்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள் அல்ல. எல்லாரும் அந்தக் கால இங்கிலாந்து வேஷம் போட்டு, அந்தக் காலத்து மாதிரியே பேசித் திரியும் இந்தப் பழங்காலத் திருவிழாவின் கடைசி ஞாயிறு, நாலு மணிக்கு, ஒவ்வொரு வருடமும் ஓக் மரத்தடியில் கைகட்டு என்ற பழைய பாணிக் கல்யாணம் செய்துகொள்கிறோம். இருவர் கையையும் ஒரு கயிற்றால் கட்டுவார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பார்கள். இருவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஆயுள் முழுவதும் என்பார்கள். நாங்கள் மட்டும் எட்டு முறையும் 'ஒரு வருடமும் ஒரு நாளும்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். அதுவும் வழக்கத்தில் உண்டு. கெடு முடிந்தால் யாரும் யாருக்கும் காரணம் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்த நிபந்தனை என்னுடையது. முதல் கணவன் கர்ட்டிஸுக்கு நான் ஆயுளுக்கும் வாக்குக் கொடுத்தவள். ஜூன் மாதம், மெதடிஸ்ட் தேவாலயம், வெளியே பளிச்சென்ற வெயில். பத்தொன்பது வருடம் அந்த ஆள் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஏறிட்டுப் பார்த்ததும் இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான்தான் எங்கும் போகப்போவதில்லையே! கெடு என்று ஒன்று இருந்தால் மனிதன் விழிப்பாக இருப்பான் என்று அங்கே கற்றுக்கொண்டேன். ராண்டல் எட்டு வருடமாக விழிப்பாகத்தான் இருந்தான்.

"நாலு மணி வரைக்கும் யோசி" என்றான். "நான் தனியா சுத்திட்டு வரேன். கூட இருந்தா நீ கேலி பண்ணியே பேச்சை மாத்திடுவ."

அது உண்மைதான். கம்பளி மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் மழைக்குள் போனான். நனைந்த கம்பளியில் நாய் வாடை வரும், அதைச் சொல்லிக் கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் தூரம் போய்விட்டான்.

வாசலில் ஈட்டி பிடித்த காவலன் குனிந்து வணங்கினான். "வருக, சீமாட்டியே! தங்கள் பாதங்களைக் கழுவ வானமே இறங்கி வந்திருக்கிறது!"

"கழுவின வரைக்கும் போதும்னு சொல்லுங்க சுவாமி" என்றேன். அவன் தலைக்கவசத்தின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தான்.

உள்ளே ஊரே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. வான்கோழிக் கால் சுடும் புகை மேலே போக முடியாமல் முழங்கால் உயரத்தில் தவழ்ந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு மாவீரன் வந்தான், எனக்கு வழிவிட்டான், மறுபடி புகைக்குள் போனான். எங்கோ ஒரு முரசு அடித்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு கூடாரத்தில் யாழ் வாசிக்கும் பெண் காலி பெஞ்சுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கித்தான் கூரையில் மழை, அடியில் அந்த நரம்புகள். கண்ணை மூடினால் நான் எந்த நூற்றாண்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்தைக் கிளப்ப வேண்டிய டார்லீன் யாரோ ஒருத்தி. அவள் பாவம், அவள் யோசிக்கட்டும் என்று கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது மணி மூன்று. பதில் மட்டும் வந்திருக்கவில்லை.

பெவர்லியின் பூக்கடைக்குப் போனேன். காய்ந்த பூவும் ரிப்பனும் வைத்துத் தலைக்கு வளையம் கட்டி விற்பவள். எங்கள் எட்டு கைகட்டுக்கும் அவள்தான் சாட்சி.

"தேவி! தங்கள் சிரசுக்கு லாவெண்டரா, கோதுமைக் கதிரா?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டாள். "ஏய், என்னடி ஆச்சு?"

சொன்னேன். அவள் ரிப்பனைச் சுற்றியபடியே கேட்டாள்.

"ஆயுசுக்கும்னு சொல்லிட்டா அவனும் தூங்கிடுவான், பெவ். கர்ட்டிஸ் மாதிரி."

"தூங்கட்டுமே. மனுஷன் எத்தனை நாள்தான் முழிச்சிருப்பான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது எதிர்ச் சரிவில் ஒரு ஆள் இறங்கி வருவது தெரிந்தது. மழைத் திரைக்கு அப்பால் முகம் தெரியவில்லை. கையில் வான்கோழிக் கால் ஒன்று, அது நனையாமல் இருக்கத் தன் தொப்பியைக் கழற்றி அதற்குக் குடையாகப் பிடித்திருந்தான். வழுக்கை மண்டையில் மழை தாராளமாகக் கொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ நல்ல மனிதன் என்று நினைத்தேன். இப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், வெட்கமில்லாமல். அவன் வேலிக் கட்டையைப் பிடித்துப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதனருகே இழுத்து, ஒவ்வொரு அடியாக இறங்கினான். கிழவர்கள் படி இறங்குவதுபோல.

மேலங்கியைப் பார்த்த பிறகுதான் அது ராண்டல் என்று புரிந்தது.

"அவன் ஏன் அப்படி நடக்குறான்?" என்றேன்.

பெவர்லி நிமிர்ந்து பார்த்தாள். "முட்டிதான். போன வருஷமே அப்படித்தானே நடந்தான். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், எனக்குத் தெரியாது. இவன் என்னைப் பார்க்கிறானா, இன்று பார்த்தானா, நேற்றைவிடக் குறைவாகப் பார்த்தானா என்று எட்டு வருடம் காவல் காத்திருக்கிறேன். அவனைப் பார்க்கத் தோன்றவில்லை. கர்ட்டிஸ் எனக்குச் செய்ததை நான் ராண்டலுக்குச் செய்திருக்கிறேன். கூசிப்போனேன்.

நாலு மணிக்கு ஓக் மரத்தடியில் எங்களையும் சேர்த்து மூன்று ஜோடிகள்தான் நின்றோம். கைகட்டு நடத்தும் துறவி ஆம்ப்ரோஸ், மற்ற நாட்களில் குழாய் ரிப்பேர் செய்பவர். அவருடைய அங்கி முழங்கால் வரை சேறு. ராண்டல் வந்து என் பக்கத்தில் நிற்கவும் எங்கள் முறை வந்தது. சேற்றின்மேல் பரப்பிய வைக்கோலில் மண்டியிட்டோம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டதை இந்தத் தடவை பார்த்தேன். ஆம்ப்ரோஸ் எங்கள் கைகளைச் சேர்த்துக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எவ்வளவு காலத்துக்கு இக்கரங்கள் பிணைந்திருக்கும்? இருவரும் ஒரே குரலில் உரைப்பீர்களாக!"

"ஆயுள் முழுவதும்" என்றேன் நான்.

"ஒரு வருடமும் ஒரு நாளும்" என்றான் ராண்டல், அதே நொடியில்.

பின்னால் நின்ற ஜோடி களுக்கென்று சிரித்தது. ஆம்ப்ரோஸுக்குத் துறவித்தனம் போய்விட்டது. "என்னப்பா இது? இதையெல்லாம் வீட்லயே பேசிட்டு வர மாட்டீங்களா?"

"நீ எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று ராண்டலை முறைத்தேன்.

"காலைல வீறாப்பா பேசிட்டேன். அப்புறம் நாள் முழுக்க நடந்தேன். நீ இல்லாம வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு தெரியல. ஒரு வருஷம் கிடைச்சாப் போதும்னு ஆயிடுச்சு."

"முட்டி எவ்வளவு நாளா வலிக்குது?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில்."

"போன வருஷம் பிப்ரவரிலேருந்து."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

அவன் கட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். வீடு வீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் செய்பவன், அந்தத் தொழில் பேச்சுதான் வந்தது. "ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போற நேரத்துல, மிஷின்ல இங்க பழுதுன்னு யாராவது காட்டுவாங்களா, டார்லீன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கை கட்டியிருக்கும்போது அழுவது பெரிய கஷ்டம், மூக்கைத் துடைக்க ஒரு கைதான் மிச்சம். இருபது மாதம் வலியை மறைத்து என் பக்கத்தில் படுத்திருக்கிறான், நான் போய்விடுவேன் என்று. என் நிபந்தனை அவனை விழிப்பாக வைத்திருந்ததாம்! பயத்தில் வைத்திருந்திருக்கிறது.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன்" என்றார் ஆம்ப்ரோஸ். "எவ்வளவு காலம்?"

"ஆயுள் முழுவதும்" என்றேன். என் பயம் எங்கும் போய்விடவில்லை, பயந்துகொண்டேதான் சொன்னேன். ராண்டலும் சொன்னான், குரல் உடைந்து, என்னைவிட அரை வார்த்தை பின்னால். ஆம்ப்ரோஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அப்படியே ஆகுக! எழுவீர்களாக!" என்றார்.

நான் எழுந்தேன். கயிறு இறுகியது. ராண்டல் எழவில்லை. ஒரு காலைச் சேற்றில் ஊன்றிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான், முகத்தில் வழக்கமான அந்தச் சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தான். பிறகு அதை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வலிக்குது, டார்லீன்" என்றான். "ரொம்ப வலிக்குது."