ஆற்றில் குதித்த சாமி

அந்த யோசனை மொட்டைத் தலைக்குள் உதித்தபோது, மாத முறை வைத்து ஊழியம் செய்யும் பூசாரிகளில் ஒருவனான பதிமின் கோயில் கூரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கீழே வயல்களைக் காணோம். மேட்டு வீடுகளும் பேரீச்சை மரங்களும் மட்டும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டின. நைல் நிரம்பி வழிந்த நேரம். ஆனால் கோயில் கணக்குப்படி இன்னும் சில நாளில் அறுவடைக் காலம் பிறக்கிறது.

ஊராருக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று ஆண்டுக்கு மூன்று காலம்; காலத்துக்கு நாலு மாதம்; கடைசியில் மிச்சமாய் ஐந்து நாள். முன்னோர் போட்டுவைத்த கணக்கு அது. ஆறோ அதைவிடச் சற்றே சோம்பேறி. ஆண்டுக்குக் கால் நாள் பிந்தும். கால் நாள்தானே என்று எவனும் கண்டுகொள்ளாமல் விட்டதில், தலைமுறை தலைமுறையாய் நழுவி, இப்போது காலத்தின் பெயர் ஒரு பக்கமும் வயல் ஒரு பக்கமுமாய் நின்றன.

பதிமினுக்கு அது அன்றுதான் இனித்தது. மாவு பிசைந்து ஊறவைத்துப் பீர் காய்ச்சும் ருருவின் மகள் தஷேரியை அவன் பெண் கேட்டு வெகுநாளாகிறது. தஷேரிக்கும் அவன்மேல் ஆசைதான். ருருதான் இழுத்தடித்தாள். வெள்ளக் காலத்தில் வயல்வேலை கிடையாது, ஊரே குடித்துக் கிடக்கும், மகளின் கை இல்லாமல் அவளால் சமாளிக்க முடியாது.

"அறுவடைக் காலம் பொறக்கட்டும், பொண்ணு மூட்டை முடிச்சோட உன் வீட்டுக்கு வருவா. அதுக்கு முந்தி இந்த வாசல்ல நின்னே, மாவுத் தொட்டியில முக்கிடுவேன். மின் சாமி மேல சத்தியம்!" என்று தெருவே கேட்க முழங்கியிருந்தாள்.

அறுவடைக் காலத்தின் முதல் நாள் காலையில் பதிமின் நாணல் ஓடத்தில் அவள் வாசலுக்கே போய் இறங்கினான்.

"அத்தை, அறுவடைக் காலம் பொறந்தாச்சு. பொண்ண அனுப்புங்க."

ருரு மாவுக் கையோடு வெளியே வந்தாள். ஓடத்தைப் பார்த்தாள். அது மிதந்துகொண்டிருந்த தன் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"ஏன்டா மொட்டை, குடிச்சிருக்கியா? யாரு வீட்டுச் சரக்கு?"

"சத்தியமா குடிக்கல. கோயில் கணக்குல இன்னைக்கு அறுவடை முதல் நாள்."

"எதை அறுக்கப் போறே, மீனையா?"

"நீங்க சத்தியம் பண்ணது சாமி மேல. சாமிக்குக் கோயில் கணக்குதானே கணக்கு?"

பக்கத்துக் கூரைகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உள்ளேயிருந்து தஷேரி, "சரியாத்தான சொல்றாரு!" என்றாள்.

"வாய மூடுடி! நாளைக்குச் சாமி ஊர்வலம் வருதில்ல, அவரையே கேட்டுக்கறேன்" என்றாள் ருரு.

மின் அறுவடைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அதிபதி. ராத்திரி பகல் பாராமல் விறைத்தே நிற்கும் சாமி. ஊரிலேயே சோர்வறியாத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான் என்று பெண்கள் தங்கள் புருஷன்மார் காதுபடவே சொல்வார்கள். மறுநாள் பூசாரிகள் அவருடைய மரச் சிலையைத் தண்டில் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் தடுமாறித் தூக்கி வந்தார்கள். தலைமைப் பூசாரி ஜெத்ஹோர் போன வருஷத்துக் காய்ந்த வைக்கோலைப் பிடித்துக்கொண்டு, புதுக் கதிர் அறுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அறுத்தார்.

ருரு இடுப்புத் துணியைச் செருகிக்கொண்டு குறுக்கே நின்றாள். "சாமி, நான் என் பொண்ண இப்பவே அனுப்பணுமா?"

சாமி முன்னே நகர்ந்தால் ஆமாம், பின்னே நகர்ந்தால் இல்லை. முன்தண்டைப் பிடித்தவர்கள் பதிமினின் கூட்டாளிகள். பின்தண்டுக்காரர்களுக்கு ருரு விடியற்காலையிலேயே ரெண்டு ஜாடி அனுப்பிவைத்திருந்தாள். முன்னவர்கள் இழுத்தார்கள், பின்னவர்கள் இழுத்தார்கள். ஒருவன் ஏப்பம் விட்டான், இன்னொருவன் சறுக்கினான். சாமி குப்புற ஆற்றில் விழுந்தார்.

பிறகு மல்லாந்து மிதந்து, வானத்தைக் குத்திக் காட்டியபடியே கிளம்பிவிட்டார்.

பூசாரிகள் கத்தினார்களே தவிர ஒருவனும் நகரவில்லை. தஷேரிதான் பாவாடையை வாரிக்கொண்டு பதிமினின் ஓடத்தில் தாவினாள். கழியை ஊன்றித் துரத்தி, சாமியின் தலை இறகைப் பிடித்து ஓடத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டியவள் கோயில் பக்கம் திரும்பவில்லை. நேரே பதிமின் வீட்டுக்குப் போய், சாமியைத் தூக்கி அவன் வாசற்படியில் நிறுத்தினாள்.

"ஏ பொண்ணே, கோயில் இந்தப் பக்கம்!" என்று ஜெத்ஹோர் கரையிலிருந்து அலறினார்.

"தெரியும் பெரியவரே. சாமிதான் இங்க இறக்கிவிடுன்னாரு."

ஜெத்ஹோர் தன் ஆட்களைப் பார்த்தார். இருவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடிகாரப் பூசாரிகள் சாமியைக் கீழே போட்டார்கள் என்று தலைநகருக்குச் செய்தி போவதைவிடச் சாமியே ஆசைப்பட்டு நீந்தினார் என்று போவது மேல்.

"சாமி தானாவே இறங்கி வழி காட்டிட்டாரு" என்று உரக்கச் சொன்னார். சனம் கைதட்டியது.

பதிமின் மூச்சிரைக்க ஓடிவந்தான். "நிஜமாவே சாமி பேசினாரா?"

தஷேரி பாவாடையைப் பிழிந்துகொண்டே, "அவரு வாயெல்லாம் சேறு. எங்க பேச? நான்தான் பேசினேன்" என்றாள்.

ருரு செருகியிருந்த இடுப்புத் துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கடைசியில், சாமி சொன்னபடி பெண் இங்கே இருக்கட்டும், ஆனால் கோயில் முறை இல்லாத மாதங்களில் மாப்பிள்ளை மாமியார் முற்றத்தில் மாவு பிசைய வேண்டும் என்றாள். அன்று மாலையே தஷேரியின் பாயும் பானைகளும் ஓடத்தில் வந்து சேர்ந்தன. அடுத்த வாரமே பதிமின் முழங்கை வரை மாவில் நின்றான். அவன் பிசைந்தது கட்டி தட்டியிருக்கிறது என்று மாமியாரும் மகளும் சேர்ந்து திட்டினார்கள்.