லிட்டருக்கு நாலு

என் கார் மூன்றாவது மாடியில், என் படுக்கையறையில் நிற்கிறது. இப்போதைக்கு அதில் ஒரு கதவும் ஹார்னும் மட்டுமே இருக்கின்றன. மீதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து அமெரிக்க மசில் கார். நீளமான பானெட். எட்டு சிலிண்டர். அசல் வண்டி எனக்குக் கிடைக்காது. ஆகவே அதேபோல ஒன்றை நானே கட்டுகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இதுவரை வெள்ளைக் கார்களின் பின் சீட்டில்தான் உட்கார்ந்து போயிருக்கிறேன். முதலில் அப்பாவுடையது. பிறகு கணவருடையது. பிறகு ஆபீசுடையது. மூன்றிலும் எனக்குத் தெரிந்த ஒரே காட்சி, ஒரு பின்மண்டை.

வெள்ளிக்கிழமை காலை நோட்டீஸ் வந்தது. எதிர்வீட்டு சபேசன் வாங்கி வைத்திருந்தார். அவர் போன மாதம் வேகத்தடை ஆகிவிட்டார். படிக்கட்டுத் திருப்பத்தில் குறுக்கே படுத்திருக்கிறார். அசோசியேஷன்காரர்கள் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்துவிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

"வேதநாயகி மேடம், உங்களுக்குத் தபால்."

பிரித்தேன். என் வாகனம் இன்று மாலை நான்கு மணிக்குள் வாகன இருப்பு அலுவலகத்துக்கு நேரில் வந்து, தான் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால் அது நிற்கும் இடம் பறிக்கப்படும். எனக்கு ஒரு வெள்ளைக் கார் ஒதுக்கப்படும். பின் சீட்டு. ஆயுள் முழுவதும்.

"வெள்ளை நல்ல கலராச்சே. மைலேஜ் இருபத்திரண்டு குடுக்கும்," என்றார் சபேசன்.

"என் வண்டி வரும் சார்."

"மெதுவா வரச் சொல்லுங்க."

கதவைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஹார்னைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சபேசன்மீது ஏறி இறங்கினேன்.

பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வெள்ளிக்கிழமைகளில் தெரு கொஞ்சம் சாய்ந்திருக்கும். உருளக்கூடிய பாகங்கள் எல்லாம் கீழ்க்கோடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கேதான் வஹாப் பாயின் கடை.

"இன்னா வண்டிம்மா?"

சொன்னேன்.

"மைலேஜ்?"

"நாலு."

"நாப்பதா?"

"நாலு."

வஹாப் பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்துக் கடைக்காரர்களும் பாதி இறக்கினார்கள். சாவு ஊர்வலம் போவதுபோல் தெரு எழுந்து நின்றது.

"வீட்ல தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வீட்லதான் நிக்குது."

குனிந்து ஷட்டருக்கு அடியில் உள்ளே நுழைந்தேன். ஏன் இந்தக் கார் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது கைப்பையில், ஹார்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"எட்டு சிலிண்டர் இன்ஜின் இருக்கா பாய்?"

"ஏழு இருக்கு. எட்டாவது வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க வுட்டாத்தான்."

"இருக்கிறதைக் குடுங்க. அது வரும்போது வரட்டும்."

வயர்கூடையில் வைத்துக் கொடுத்தார். கூடை கனக்கவே இல்லை.

"ஸ்டார்ட் ஆனாத்தாம்மா வெயிட்டு," என்றார்.

பானெட் கடையின் பின்கட்டில் இருந்தது. அதன்மேல் இலை போட்டு மூன்று பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்பதிலிருந்து சாப்பிடுகிறார்களாம்.

"முடிச்சிட்டுத் தர்றோம்," என்றார் மூத்தவர்.

மணி இரண்டு. நானும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தேன். நாலு பேர் சாப்பிட்டால் சீக்கிரம் முடியும். இரண்டரைக்கு முடிந்தது. மூவரும் கை கழுவிவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சக்கரம் பாய்?"

"ஓடுற வண்டிக்குத்தான் சக்கரம். ஓட்டிக்கினு வா, மாட்டித் தர்றேன்."

"சக்கரம் இல்லாம எப்படி ஓட்டுறது?"

"அதாம்மா எல்லாரும் கேக்குறாங்கோ." அவருக்கும் அதில் வருத்தம்தான்.

பானெட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஃப்ரீ. காருக்கு டிக்கெட் எடுக்கணும்."

"காருக்கும் ஃப்ரீதான்."

"கார் லேடீஸா, ஜென்ட்ஸா?"

"லேடீஸ்."

அவர் இரண்டு இலவச டிக்கெட் கிழித்தார். ஒரு கல்லூரி மாணவி எழுந்து காருக்கு இடம் கொடுத்தாள்.

வாகன இருப்பு அலுவலகம் ஐந்தாவது மாடியில். உள்ளே நுழையும்போது நான்காக ஐந்து நிமிடம். ஆய்வாளர் குணாளன் வராந்தாவிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், ஃபைல் கட்டுகளுக்கு நடுவே, வெள்ளைக் கார் தயாராக நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பின் சீட்டில் எனக்கு ஒரு தலையணைகூட வைத்திருந்தார்கள். முன் சீட்டில் ஒரு பின்மண்டை. யாருடையது என்று தெரியவில்லை. அப்பாவுடையதாகக்கூட இருக்கலாம். அது திரும்பவில்லை.

"வண்டி எங்கே மேடம்?"

கதவைத் தரையில் நிறுத்தினேன். திறந்தேன். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினேன்.

"இதோ."

அவர் எட்டிப் பார்த்தார். படிவத்தை எடுத்தார். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"மைலேஜ்?"

"நாலு."

"ரெண்டு கட்டம் இருக்கு மேடம். ரெண்டு நம்பர் வேணும்."

"என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திரண்டுன்னு போட்டுடறேன். எல்லாருக்கும் அதான் போடறது. ஒருத்தரும் செக் பண்ண மாட்டாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, வண்டி உங்களுது."

நல்ல மனிதர். உதவத்தான் நினைத்தார். ஆனால் இருபத்திரண்டு கொடுக்கும் கார் வேறு கார். அதை நான் கட்டவில்லை.

"பேனாவைக் குடுங்க."

இரண்டு கட்டங்களையும் அடைத்து ஒரே நாலாக எழுதினேன். அதன் கால் படிவத்தைத் தாண்டி மேசையிலும் கொஞ்சம் இறங்கியது.

குணாளன் பெருமூச்சு விட்டார். மேசை இழுப்பறையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். என் சக்கரங்கள் இருக்க வேண்டிய நான்கு இடங்களிலும் ஒவ்வொன்றாக வைத்தார்.

"நாலும் நசுங்கினா வண்டி இருக்கு. நசுங்கலேன்னா பின்னாடி ஏறிக்குங்க."

பானெட்டை முன்னால் வைத்தேன். அதற்கடியில் வயர்கூடை. ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். சீட் இல்லை. விழவும் இல்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, சாவி போடும் இடத்தில் செருகித் திருகினேன்.

ஏழு சிலிண்டர்களும் ஒரே குரலில் பேசின. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. ஃபைல்கள் பறந்தன. ஒன்றேகால் டன் எடை எங்கிருந்தோ வந்து என்னைச் சுற்றி அமர்ந்தது. சளக். சளக். சளக்.

முன் வலப்பக்கத்துப் பழம் மட்டும் முழுதாக இருந்தது. எட்டாவது சிலிண்டரின் மூலை அது.

"மூணுதான் மேடம்."

"மூணு போதும்."

"ரூல் நாலு."

"ரூலை ஓரமா நிக்கச் சொல்லுங்க. மேல ஏத்திடுவேன்."

குணாளன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் கிளட்சை விட்டேன்.

வெள்ளைக் கார் ஹார்ன்கூட அடிக்காமல், பணிவாகப் பின்தொடர்ந்தது. அதன் பின்கதவு இன்னும் திறந்தே இருந்தது. ஊழியர்கள் வராந்தாவின் மறுகோடிக்கு ஓடினார்கள். கோடியைப் பிடித்து இழுத்து நீட்டத் தொடங்கினார்கள். களைத்துப்போய் நானே இறங்கிவிடுவேன் என்று நினைத்தார்கள் போல. வராந்தா நூறு அடி ஆயிற்று. ஐந்நூறு ஆயிற்று. கால் மைல் ஆயிற்று. இந்த மாதிரிக் கார்கள் பந்தயம் ஓடும் தூரமே கால் மைல்தான். அதுதான் அவற்றுக்கு உயிர். அரசாங்கம் அதை அறியவில்லை. பள்ளமில்லாத, குறுக்கே யாரும் வராத, அப்படியொரு நேர்சாலையை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. ஜன்னல்கள் கோடாயின. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கார் ஒரு பல்லளவுக்குச் சிறுத்திருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. குணாளன்தான்.

"மேடம், நிறுத்துங்க! அப்படி ஒரு வண்டியே இல்ல!"

"அப்ப எதை நிறுத்தச் சொல்றீங்க?" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கி யோசித்தது. ஊழியர்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கியர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கையை நீட்டினேன்.

இருந்தது.